எண்ணெய் வண்ணத்தில் வெயில் எப்படி அடிக்கிறது?

எண்ணெய் வண்ண ஓவியங்களைப் பார்க்கும் பலருக்கும் எழும் குழப்பம் ஒன்று உண்டு. தள்ளி நின்று பார்க்கும்போது படத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கிட்டே போனால் அந்த வெயில் பட்ட சுவர், சற்றே மஞ்சள் கலந்த சாம்பல் பூச்சாக இருக்கிறது. வெள்ளை வெளேரென்ற வண்ணம் எங்குமே தென்படுவதில்லை. இன்னொரு குழப்பமும் இதனோடு சேர்ந்தே வருகிறது. ஒரே கதிர்ப்போரை இருபத்தைந்து கேன்வாஸ்களில் வரைந்த ஓவியரையும், வாழ்நாளின் பெரும்பகுதியைச் சில பாட்டில்களுக்கும் கிண்ணங்களுக்குமே கொடுத்த ஓவியரையும் பற்றிப் படிக்கிறவர்கள், வரைய வேறு எதுவும் இல்லையா என்று கேட்கிறார்கள்.

இரண்டு குழப்பங்களுக்கும் வேர் ஒன்றுதான். வண்ணம் தானாக ஒளிர்வதில்லை. தன்மீது விழும் ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவே. அந்தப் பங்கும் மிகக் குறுகிய எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. எண்ணெய் வண்ண ஓவியரின் பழக்கவழக்கங்களாக நாம் அறிந்தவற்றில் பெரும்பாலானவை இந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்க வகுக்கப்பட்ட வழிகள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வண்ணத்தின் கைவசம் இருப்பது எவ்வளவு?

ஒரு பரப்பின்மீது எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் விழும். நன்றாக விளக்கெரியும் அறைக்குள் அது 500 லக்ஸ் அளவில் இருக்கும். வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 90 விழுக்காட்டையும், கறுப்புத் துணி சுமார் 4 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புவதாகக் கொண்டால், வெயிலில் கிடக்கும் கறுப்புத் துணியிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி, அறைக்குள் இருக்கும் வெள்ளைத் தாளிலிருந்து வருவதைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு அதிகம். ஆனாலும் துணி கறுப்பாகவும் தாள் வெள்ளையாகவுமே தெரிகின்றன. கண் ஒளியின் மொத்த அளவைப் பொருட்படுத்தாமல், அருகருகே உள்ள பரப்புகளுக்கிடையிலான விகிதத்தையே முதன்மையாகப் படிக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

வண்ணத்தட்டில் உள்ள மிக வெளிரிய வெள்ளைக்கும் மிக ஆழ்ந்த கறுப்புக்கும் இடையே உள்ள வித்தியாசம் சுமார் இருபது, முப்பது மடங்குதான். வெயில் நேரத்து நிலக்காட்சி ஒன்றில் பளிச்சிடும் மேகத்துக்கும் மரத்தடிப் பொந்தின் இருளுக்கும் இடையே ஆயிரம் மடங்குக்கு மேலும் வித்தியாசம் இருக்கக்கூடும். ஆகவே இயற்கையின் ஒளியை அதே அளவில் கேன்வாஸில் பதிய எவராலும் இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஒளியியலுக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவை விளக்கிய சொற்பொழிவுகளில் இதைத் தெளிவாக நிறுவினார். குரல் எட்டாத பாடகர் சுருதியை இறக்கிக்கொண்டு அதே பாட்டைப் பாடுவதுபோல, ஓவியர் ஒளியின் அளவை விட்டுவிட்டு இடைவெளிகளின் விகிதத்தைக் காப்பாற்றுகிறார். இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன.

1. முழு வெள்ளை சேமித்து வைக்கப்படுகிறது. வெயில் பட்ட சுவருக்கே வெள்ளை முழுவதையும் செலவழித்துவிட்டால், அந்தச் சுவரில் மாட்டியிருக்கும் பித்தளை மணியின் மினுக்கத்துக்கு மிச்சம் எதுவும் இராது. அதனால்தான் கிட்டே பார்க்கும்போது சுவர் சாம்பலாகத் தெரிகிறது.

2. நிறத்தைவிட டோன் முந்துகிறது. ஒரு நிறம் எவ்வளவு வெளிர்வாக அல்லது கருமையாக இருக்கிறது என்பதையே ஓவியர்கள் டோன் என்கிறார்கள். டோன் சரியாக இருந்தால் நிறம் சற்றுப் பிசகினாலும் வெளிச்சம் நிற்கும். டோன் பிசகினால் எவ்வளவு அழகான நிறமும் அதைக் காப்பாற்றாது. காட்சியை ஓவியர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதன் காரணமும் இதுவே. நுணுக்கங்கள் மங்கி, பெரிய ஒளித்திட்டுகளும் நிழல்திட்டுகளும் மட்டும் எஞ்சுகின்றன.

3. வெளிர்மையில் கிடைக்காத வித்தியாசம் நிறத்தில் ஈட்டப்படுகிறது. மஞ்சள் கலந்த ஒளிக்கு அருகில் நீலம் கலந்த நிழலை வைத்தால், இரண்டின் டோனும் நெருக்கமாக இருந்தாலும் கண் அவற்றைத் தெளிவாகப் பிரித்தறியும். பாரிஸின் கோபலான் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் செவ்ரல், பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக்காட்டுகின்றன என்பதை 1839-இல் விரிவாக வெளியிட்டார். பின்வந்த ஓவியர்கள் பலர் அதிலிருந்து நேரடியாகப் பயன் பெற்றார்கள்.

மூன்றாவது விளைவுக்கு மிகத் துலக்கமான எடுத்துக்காட்டு, 1872 என்று தேதியிட்ட, பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனேயின் துறைமுக விடியற்காலை ஓவியம். அதிலுள்ள செஞ்சூரியன் தகதகப்பதாகத் தோன்றுகிறது. ஓவியத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றினால் சூரியன் ஏறத்தாழ மறைந்தேவிடுகிறது. அதன் டோனும் சுற்றியுள்ள சாம்பல்நீல வானத்தின் டோனும் அவ்வளவு நெருக்கம். இயல்பில் எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக இருக்க வேண்டிய ஒன்றை வானத்தின் அளவுக்கே இறக்கி, நிறத்தின் எதிர்ப்பை மட்டும் விட்டுவைத்ததால்தான் அந்தச் சூரியன் துடிப்பதுபோல் தெரிகிறது.

எண்ணெய் ஏன்?

நீர்வண்ணம் நீர் ஆவியாவதால் காய்கிறது. எண்ணெய் வண்ணம் அவ்வாறு காய்வதில்லை. நிறமிப் பொடியைப் பிணைக்கும் ஆளிவிதை எண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு திடமான படலமாக இறுகுகிறது. மெல்லிய பூச்சு தொட்டால் ஒட்டாத நிலையை அடையச் சில நாட்களாகும். தடித்த பூச்சு முழுமையாக இறுகப் பல மாதங்கள் எடுக்கும். இந்தத் தாமதமே ஓவியருக்கு வசதியாகிறது. ஈரம் காயாத இரண்டு டோன்களைத் தூரிகையால் இழுத்து ஒன்றோடொன்று கரைய விட முடிகிறது.

ஒளியைப் பொறுத்தவரை எண்ணெயின் பெரிய பலம் அதன் ஒளிவிலகல் எண்ணில் இருக்கிறது. ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் எண் அது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, நீருடையது 1.33, ஆளிவிதை எண்ணெயுடையது சுமார் 1.48. நிறமித் துகளுக்கும் அதைச் சூழ்ந்த பொருளுக்கும் இந்த எண்ணில் வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஒளி சிதறித் திரும்பி, பூச்சு ஒளிபுகாததாகத் தெரியும். வித்தியாசம் சிறிதானால் ஒளி உள்ளே ஊடுருவிச் செல்லும். சுண்ணக்கட்டித் தூளை எண்ணெயில் குழைத்தால் அதன் வெண்மை மறைந்து மங்கிய ஒளி ஊடுருவும் பசையாகிவிடுவது இதனால்தான். அல்ட்ராமரின் நீலத்தின் ஒளிவிலகல் எண்ணும் எண்ணெயினுடையதற்கு மிக அருகில் இருப்பதால், அது எண்ணெயில் கண்ணாடிபோல் ஊடுருவும் தன்மை பெறுகிறது. ஈய வெள்ளையின் எண் சுமார் 2, டைட்டானியம் வெள்ளையினுடையது அதைவிடவும் அதிகம். ஆகவே இவை எண்ணெயிலும் ஒளியைத் தடுத்துத் திருப்பி அனுப்பும்.

இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி ஓவியர் இரு வேறு வெளிச்சங்களை உண்டாக்குகிறார். முதலாவது, காய்ந்த வெளிரிய அடிப்பூச்சின்மேல் ஊடுருவும் நிறத்தை மெல்லிய படலமாகப் பூசுவது. கிளேஸிங் எனப்படும் இம்முறையில் ஒளி மேற்படலத்தைக் கடந்து, அடிப்பூச்சில் பட்டு, மீண்டும் அதே படலம் வழியே வெளியேறுகிறது. நிறம் உள்ளிருந்து எரிவதாகத் தோன்றுகிறது. இரண்டாவது, ஒளிபுகா வெள்ளையைத் தடிப்பாகக் குழைத்து வைப்பது. அந்த மேடு அறையின் ஒளியையே வாங்கித் திருப்புகிறது. நிழலை மெல்லியதாகவும் ஒளியைத் தடிப்பாகவும் பூசும் நெடுநாள் மரபு இங்கிருந்தே வருகிறது. நெதர்லாந்து பகுதி ஓவியர் யான் வான் ஐக், 1434-ஆம் ஆண்டின் அர்னோல்ஃபினி ஓவியத்தில் பித்தளைச் சரவிளக்கைத் துளியும் தங்கத்தகடு ஒட்டாமல் பழுப்பு, மஞ்சள், வெளிர்நிறப் புள்ளிகளாலேயே உலோகமாக்கிக் காட்டினார். எண்ணெய் வண்ணத்தை அவர் கண்டுபிடித்ததாகப் பல காலம் சொல்லப்பட்டுவந்தது சரியல்ல. அவர் காலத்துக்கு முன்பே அது புழக்கத்தில் இருந்தது.

அடுக்கடுக்காகப் பூசுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மேலடுக்குகளில் எண்ணெய் கூடுதலாகவும் கீழடுக்குகளில் குறைவாகவும் இருக்க வேண்டும். எண்ணெய் குறைந்த பூச்சு விரைவில் விறைத்துவிடும். அது எண்ணெய் மிகுந்த, இன்னும் அசைந்துகொண்டிருக்கும் அடுக்கின்மேல் உட்கார்ந்தால் நாளடைவில் வெடிப்பு விடும்.

நிலக்காட்சி: ஓடும் ஒளி

சூரியன் வானில் மணிக்கு 15 பாகை நகர்கிறது. இரண்டு மணி நேரத்தில் அது ஏறத்தாழ 30 பாகை நகர்ந்து, நிழல்களும் இடம் மாறிவிடும். வெளியில் நின்று வரைபவர் காலையில் இடப்பக்கத்து நிழலையும் மதியம் வலப்பக்கத்து நிழலையும் ஒரே கேன்வாஸில் பதித்தால், ஒவ்வொரு பகுதியும் உண்மையாக இருந்தும் படம் பொய்யாகிவிடும். பிரெஞ்சு ஓவியர் வலான்சியேன் 1800 வாக்கிலேயே, வெளியில் செய்யும் பயிற்சி ஓவியத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் செலவிடக் கூடாது என்றும், சூரிய உதயமும் மறைவும் என்றால் அரை மணி நேரமே உண்டு என்றும் மாணவர்களுக்கு வரம்பு வகுத்தார். 1841-இல் அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ராண்ட் மூடியிட்ட தகர டியூபுக்குக் காப்புரிமை பெற்றதும், பன்றியின் சிறுநீர்ப்பையில் வண்ணத்தைக் கட்டிவைத்து அது கசிவதைச் சகித்துக்கொண்டிருந்த நிலை மாறியது. வெளியில் வரைவது டியூபுக்குப் பின்பே தொடங்கியது என்ற பரவலான எண்ணம் வலான்சியேனைப் பார்த்தாலே பொய்யாகிறது. டியூப் அதை எளிதாக்கியது, பரவலாக்கியது.

நேரம் குறைவு என்பதால், நிலக்காட்சி ஓவியருக்கு இலைகளையும் கற்களையும் எண்ணிக்கொண்டிருக்க இயலாது. முதலில் பெரிய டோன்களை வரிசைப்படுத்த வேண்டும். அமெரிக்க நிலக்காட்சி ஓவியர் ஜான் கார்ல்சன் கற்பித்த நான்கு பரப்புகளின் கணக்கு இதற்கு இன்றும் பயன்படுகிறது:

1. வானம். ஒளியே இங்கிருந்து வருவதால் பெரும்பாலும் இதுவே மிக வெளிரியது.
2. சமதரை. வானத்தை நேராக நோக்கியிருப்பதால் அடுத்த நிலையில் ஒளி பெறுகிறது.
3. சரிவுகள். மலைச்சரிவும் கூரையும் சாய்ந்திருப்பதால் இன்னும் குறைவாகப் பெறுகின்றன.
4. நிமிர்ந்து நிற்பவை. மரங்கள் வானத்துக்குப் பக்கவாட்டைக் காட்டுவதால் மிகக் கருமையானவை.

பனி மூடிய தரையும் வெள்ளைச் சுவரும் புயல் வானமும் இந்த வரிசையைக் குலைக்கும். ஆனால் ஒரு நிலக்காட்சியில் மரம் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் இருந்தால் அல்லது தரை சுவராக எழுந்து நின்றால், பிழை பெரும்பாலும் இந்த நான்கில்தான் இருக்கும்.

அடுத்தது தொலைவு. காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீளமுள்ள ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. 450 நானோமீட்டர் நீல ஒளி, 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. நமக்கும் தொலைமலைக்கும் இடையிலுள்ள காற்று முழுவதும் இந்தச் சிதறிய நீலத்தை நம் கண்ணுக்குள் சேர்ப்பதால், மலையின் கருமை வெளிறி நீலமாகிறது. இதுவரை பலரும் அறிந்ததே. அதிகம் கவனிக்கப்படாத மறுபாதி ஒன்று உண்டு. தொலைவிலுள்ள வெண்பொருளிலிருந்து வரும் ஒளி வழியில் தன் நீலத்தை இழந்து வருவதால், அடிவானத்து மேகமும் தொலைவுப் பனிச்சிகரமும் சற்றே மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும். தொலைவில் இருப்பது எல்லாவற்றுக்கும் நீலம் கலந்துவிடும் ஓவியரின் மேகங்கள் அழுக்காகத் தோன்றுவது இதனால்தான்.

நிழலின் நிறத்துக்கும் இதே சிதறலே காரணம். தெளிந்த நாளில் நிழலுக்குள் சூரிய ஒளி விழுவதில்லை. நீல வானத்தின் ஒளி விழுகிறது. ஆகவே நிழல் நீலம் சார்கிறது. மேகமூட்டத்தில் வானம் முழுவதுமே வெண்ணிற விளக்காவதால் நிழலின் விளிம்பு கரைந்து, நிறபேதமும் சுருங்கிவிடுகிறது.

ஒளி ஓடுவதை இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள் எதிர்கொண்ட விதம், மேகங்களை மட்டும் வேகமாக வரைவது. 1821, 1822 ஆண்டுகளில் ஹேம்ஸ்டெட்டில் செய்த பல மேகப் பயிற்சிகளின் பின்புறத்தில் தேதி, நேரம், காற்றின் போக்கு ஆகியவற்றைக் குறித்துவைத்தார். மோனே வேறு வழியை மேற்கொண்டார். 1890–91-இல் கதிர்ப்போர்களை வரைந்தபோது பல கேன்வாஸ்களை ஒருசேர வைத்துக்கொண்டு, ஒளி மாறியதும் ஒன்றை இறக்கி, அந்த ஒளிக்குரிய மற்றொன்றை ஏற்றினார். பொருளை மாற்றாமல் வைத்ததால்தான் ஒளி மட்டும் மாறுவதைக் காட்ட முடிந்தது. இதை ஒரு பரிசோதனையின் கட்டுப்பாடு என்றே கொள்ளலாம். ருவான் தேவாலயத்தை முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களாக வரைந்தபோது அவற்றைத் தம் ஓவியக்கூடத்தில் நெடுநாள் திருத்தி முடித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நேரில் கண்டு ஒரே மூச்சில் முடித்தது என்ற புகழுரை அந்தத் தொடருக்குப் பொருந்தாது.

ஸ்டில் லைஃப்: நிறுத்தி வைத்த ஒளி

மேசைமேல் வைத்த பொருட்களை வரையும் ஸ்டில் லைஃப் வகையில் நிலைமை தலைகீழாகிறது. ஒளியின் திசை, அளவு, நிறம் மூன்றையும் ஓவியரே முடிவு செய்கிறார். பூமியின் வடகோளத்தில் வடக்குச் சன்னலையும் தென்கோளத்தில் தெற்குச் சன்னலையும் ஓவியர்கள் நாடுவது, அவற்றின் வழியே நேர் வெயில் விழாமல் வானத்தின் சீரான ஒளி மட்டும் வருவதால். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் ஆண்டின் சில மாதங்களில் வடக்குச் சன்னலிலும் வெயில் விழும் என்பதால் அங்கே திரை தேவைப்படும். வான ஒளி நீலம் போன்ற குளிர்நிறம் சார்ந்தது. எனவே இந்த ஏற்பாட்டில் நிழல்கள் மஞ்சள், சிவப்பு போன்ற வெப்பநிறம் சார்ந்து தெரியும். வெயிலில் வரையும் நிலக்காட்சிக்கு இது நேர்மாறு.

ஒரு பழத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்க ஒளியில் அதன் பரப்பு ஒளிப்பகுதி, இடைடோன், நிழல் தொடங்கும் கரும்பட்டை, மேசையிலிருந்து எதிரொளி வாங்கும் நிழற்பகுதி என்று பிரிகிறது. அதற்கப்பால் மேசைமேல் விழும் நிழல். நிழற்பகுதியின் மிக வெளிரிய இடமும் ஒளிப்பகுதியின் மிகக் கருத்த இடத்தைவிடக் கருமையாகவே இருக்க வேண்டும். பயிற்சி ஓவியங்களில் மிக அதிகமாக மீறப்படும் விதி இது. இருளுக்குள் இருப்பதால் எதிரொளி கண்ணுக்குப் பளிச்சென்று தோன்றும். தோன்றியபடியே பூசிவிட்டால் பழத்தின் உருண்டை உடைந்துவிடும்.

பழத்தின்மேல் உள்ள மினுக்கம் தனிக் கதை. அது பழத்தின் வெளிரிய பகுதி என்று எண்ணுவது தவறு. பளபளப்பான தோலில் தெரியும் சன்னலின் பிரதிபலிப்பு அது. பார்ப்பவர் தலையை நகர்த்தினால் அதுவும் நகரும். உலோகமல்லாத பொருள்களில் மினுக்கம் ஒளியின் நிறத்தைக் கொள்ளும்: சிவப்பு ஆப்பிளின் மேலும் பச்சைக் கண்ணாடியின் மேலும் அதே வெளிர்நீலச் சன்னல்தான் தெரியும். செம்புப் பாத்திரத்தில் மட்டும் மினுக்கமும் செம்புநிறம் ஏறியே இருக்கும், ஏனெனில் உலோகம் தான் பிரதிபலிக்கும் ஒளிக்கும் தன் நிறத்தை ஏற்றிவிடுகிறது. செம்பின் மினுக்கத்தைத் தூய வெள்ளையில் வைத்தால் பாத்திரம் பீங்கானாகிவிடும். திராட்சையில் வேறொன்று நிகழ்கிறது. சன்னல் பக்கம் நுழையும் ஒளி சதைக்குள் பரவி எதிர்ப்பக்கம் வெளியேறுவதால், நிழல் இருக்க வேண்டிய பக்கத்தில் நிறம் ஒளிர்கிறது. கிளேஸிங் முறை இதற்கென்றே அமைந்ததுபோல் பொருந்துவதில் வியப்பில்லை. அங்கும் ஒளி உள்ளே புகுந்துதான் வெளிவருகிறது.

பிரான்சின் ஷார்டன் இத்தகைய சிறு பொருள்களைத் தூரிகைத் தடம் தெரியும் சொரசொரப்பான அடுக்குகளால் வரைந்தார். அருகில் போனால் எல்லாம் குழம்பிவிடுகிறது, விலகினால் மீண்டும் உருக்கொள்கிறது என்று அவர் காலத்து விமர்சகர் டிடரோ வியந்து எழுதினார். பிரெஞ்சு ஓவியர் செசான் ஒரு படத்துக்கு எடுத்துக்கொண்ட காலம் நீண்டுகொண்டே போனதால், வாடாத காகிதப் பூக்களை வைத்தும் வரைந்தார்.

எல்லோரையும்விடக் கண்டிப்பானவர் இத்தாலியின் பொலோனியா நகரில் வாழ்ந்த ஜியோர்ஜியோ மொராண்டி (1890–1964). அவர் தாம் வரைந்த பாட்டில்கள் சிலவற்றின் மேலேயே வண்ணம் பூசினார். மற்றவற்றின்மேல் தூசி படிய விட்டார். பார்ப்பதற்கு விசித்திரமாக இருக்கும் இந்தச் செயலின் பயன் மேலே சொன்னதிலிருந்து விளங்கும். பளபளப்பு போனால் மினுக்கம் போகிறது. மினுக்கம் போனால் சன்னல் போகிறது. எஞ்சுவது ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய டோன்கள் மட்டுமே. அந்தக் குறுகிய எல்லைக்குள், வண்ணம் தன் பற்றாக்குறையை உணராமலே இயற்கையோடு ஒத்துப்போக முடிகிறது. மோனே வண்ணத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட ஒளியைத் துரத்தினார் என்றால், மொராண்டி எல்லைக்குள் அடங்கும் ஒளியை மட்டும் மேசைமேல் அனுமதித்தார். இருவரில் மொராண்டியின் வழியே கற்றுக்கொள்பவருக்கு ஏற்றது. மாறாத ஒளியில் டோனைப் படிக்கப் பழகாதவர் ஓடும் ஒளியில் அதைப் படிப்பது அரிது.

நடைமுறையில் இதன் விளைவுகள்

1. புகைப்படத்தைப் பார்த்து வரைவது. கேமராவும் குறுகிய எல்லைக்குள் ஒளியைச் சுருக்குகிறது; ஆனால் அது பெரும்பாலும் நிழலைக் கறுப்பாக அடைத்தோ வானத்தை வெளுத்தோ சுருக்கும். அதை அப்படியே நகலெடுத்தால், நிழலுக்குள் இருந்த நீலமும் எதிரொளியும் ஓவியருக்குக் கிடைக்காமலே போகின்றன.

2. ஓவியத்தைப் புகைப்படம் எடுப்பது. தடித்த பூச்சின் மேடுகள் அறை விளக்கை வாங்கித் திருப்புவதும், கிளேஸிங் படலத்துக்குள் ஒளி சென்று திரும்புவதும் தட்டையான ஒற்றைப் படத்தில் சரிவர அகப்படுவதில்லை. கைபேசிப் படத்தில் வெளிச்சம் காணாமல் போவதன் முதற்காரணம் இது.

3. விளக்கு. விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகால் குறிக்கிறார்கள். சுமார் 2,700 கெல்வின் மஞ்சள் விளக்கொளியில் கலந்த நிறங்கள் பகலொளியில் வேறாகத் தெரியும். வரையும் இடத்துக்கு 5,000 கெல்வினை ஒட்டிய, நிறங்களைத் திரிக்காத விளக்கு பொருத்தமானது.

4. வார்னிஷ். காய்ந்த வண்ணத்தில் எண்ணெய் உள்வாங்கப்பட்ட இடங்கள் மங்கி வெளிறித் தெரியும். வார்னிஷ் பூசியதும் பரப்புச் சிதறல் குறைந்து கருமை ஆழ்கிறது. வண்ணத்தின் குறுகிய எல்லை சற்று அகல்கிறது. இயற்கைப் பிசின் வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகி நீலத்தைப் பச்சையாகக் காட்டும் என்பதால், பிற்காலத்தில் நீக்கக்கூடிய வகையிலேயே அதைப் பூசுகிறார்கள்.

5. ஒளியால் வரும் கேடு. அருங்காட்சியகங்கள் எண்ணெய் ஓவியங்களுக்குச் சுமார் 200 லக்ஸ், நீர்வண்ணத்துக்குச் சுமார் 50 லக்ஸ் என்று ஒளியை மட்டுப்படுத்துகின்றன, ஏனெனில் சில நிறமிகள் ஒளி பட்டே அழிகின்றன. குரோம் மஞ்சள் பழுப்பேறுகிறது; சிவப்புச் சாயங்களிலிருந்து செய்யப்படும் லேக் நிறமிகள் வெளிறிவிடுகின்றன. வான் கோ 1888-இல் ஆர்ல் நகரில் வரைந்த தம் படுக்கையறையின் சுவர்கள் வெளிர் ஊதா என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஊதாவிலிருந்த சிவப்பு நாளடைவில் வெளிறியதால் சுவர்கள் இன்று நீலமாக நிற்கின்றன. கட்டிலின் மஞ்சளுக்கு எதிர்நிறமாக அவர் அமைத்த ஊதாவைக் காண, பழைய நிறத்தைக் கணித்து ஆய்வாளர்கள் உருவாக்கும் மறுவடிவப் படங்களையே இப்போது நாட வேண்டியிருக்கிறது.